மெயின்பிரேம் அசெம்ப்ளரில் அட்டாமிக் ஆணைகள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பல டாஸ்க்குகள் (இயங்குதளம் தனித்தனியாக ஓட்டும் வேலைகள்) ஒரே நினைவக இடத்தை மாற்றும் நிரல்களைப் பற்றி என்னிடம் திரும்பத் திரும்ப வந்த ஐயங்களை இங்கே தொகுத்திருக்கிறேன். அட்டாமிக் என்றால், நடுவில் வேறு யாரும் புக முடியாதபடி ஒரே வீச்சில் நடந்து முடிவது. எளியவற்றில் தொடங்கிக் கடினமானவற்றை நோக்கிப் போகும் இந்தப் பதில்கள், ஐபிஎம் மெயின்பிரேமின் இசட்/ஓஎஸ் இயங்குதளத்தில் ஓடும் அசெம்ப்ளர் நிரல்களை மனத்தில் கொண்டு எழுதப்பட்டவை. ஓர் ஆணை ஒரு கணினியில் இருக்கிறதா என்பதும், அந்தக் கணினியில் அது எதற்கு உத்தரவாதம் தருகிறது என்பதும் இரண்டு தனிக் கேள்விகள். கீழே உள்ள குழப்பங்களில் பெரும்பாலானவை இந்த இரண்டையும் ஒன்றாக எடுத்துக்கொள்வதால் வருபவை.

கவுண்டரில் ஒன்றைக் கூட்ட எல் (ஏற்று), ஏ (கூட்டு), எஸ்டி (எழுது) ஆகிய மூன்று ஆணைகள் போதாதா? இத்தனை வருடமாக ஓடிக்கொண்டுதானே இருக்கிறது?

போதாது. கவுண்டரின் மதிப்பு 100 என்று வைத்துக்கொள்ளுங்கள். முதல் செயலி எல் ஆணையால் 100-ஐ ரெஜிஸ்டரில் (செயலிக்குள் உள்ள சிறு சேமிப்பிடத்தில்) ஏற்றுகிறது. அதே நேரத்தில் இரண்டாம் செயலியும் 100-ஐயே ஏற்றுகிறது. இரண்டும் ஒன்றைக் கூட்டி, இரண்டும் 101-ஐ எழுதிவைக்கின்றன. இரண்டு நிகழ்வுகள் நடந்தும் கவுண்டர் ஒன்றுதான் ஏறியிருக்கிறது. செயலி ஒன்றே ஒன்றாக இருந்தாலும் இதே இழப்பு நேரும். எல் ஆணைக்கும் எஸ்டி ஆணைக்கும் நடுவில் இன்டரப்ட் (ஓடும் வேலையை இடைமறிக்கும் குறிப்பு) வந்து வேறொரு டாஸ்க் ஓடிவிட்டுத் திரும்பினால் போதும்.

இத்தனை வருடம் ஓடியதற்குக் காரணம், அந்த இடைவெளி மிகச் சிறியது என்பதுதான். அல்லது அந்த இடத்தை வேறொரு பூட்டு தற்செயலாகக் காத்துவந்திருக்கலாம். அல்லது அந்த எல்பாருக்கு (ஒரே கணினியைப் பிரித்து அமைத்த தனிப் பகுதிக்கு) ஒரே ஒரு செயலி மட்டும் ஒதுக்கப்பட்டிருந்து, இன்டரப்ட் அந்த இடைவெளியில் விழாமலே போயிருக்கலாம். செயலிகளின் எண்ணிக்கையைக் கூட்டிய மறுநாள் கணக்கு உதைக்கிறது என்றால், முதலில் பார்க்க வேண்டியது இந்த மூன்று வரிகளைத்தான்.

அப்படியானால், ஒரே ஆணையில் வேலை முடிந்துவிட்டால் அது அட்டாமிக் என்று எடுத்துக்கொள்ளலாமா?

பொதுவிதியாக அப்படி எடுத்துக்கொள்ள முடியாது. ஒரே செயலி உள்ள அமைப்பில், சாதாரண ஆணைகளின் நடுவில் இன்டரப்ட் வராது என்பதால், ஓஐ (ஒரு பைட்டின் குறிப்பிட்ட பிட்களை 1 ஆக்குவது) போன்ற ஆணை பிளவுபடாமல் முடியும். பல செயலிகள் உள்ள அமைப்பில், அதே ஓஐ ஆணை பைட்டைப் படிப்பதும் மாற்றி எழுதுவதும் இரண்டு தனி அணுகல்கள்; அவற்றின் நடுவில் வேறொரு செயலி அதே பைட்டை எழுதிவிடலாம். இது 2012-க்கு முந்தைய கணினிகளின் நிலை. அதன் பிறகு என்ன மாறியது என்பதைக் கீழே சொல்கிறேன்.

வெறுமனே படிப்பதும் எழுதுவதும் வேறு. நான்கு பைட் எல்லையில் (4-ஆல் வகுபடும் முகவரியில்) அமைந்த ஃபுல்வேர்டை (4 பைட் புலத்தை) எல் ஆணையால் படித்தால், பழைய மதிப்பு முழுதாகவோ புதிய மதிப்பு முழுதாகவோ கிடைக்கும். பாதி பழையது பாதி புதியது என்று வராது. எஸ்டி ஆணைக்கும் இதே உறுதி உண்டு. நினைவகத்துக்குள் நகலெடுக்கும் எம்விசி ஆணைக்கு அந்த உறுதி கிடையாது. அது பைட் பைட்டாக நகர்த்துவதாகவே கருத வேண்டும்.

டெஸ்ட் அண்ட் செட் ஆணையை வைத்தே பூட்டு அமைக்கலாமே, வேறு எதற்கு?

1964-இல் அறிவிக்கப்பட்ட சிஸ்டம்/360 காலத்து ஆணை அது. ஒரு பைட்டின் எல்லா பிட்களையும் ஒன்றாக்கிவிட்டு, அதன் இடக்கோடி பிட் முன்பு என்னவாக இருந்தது என்பதைக் கண்டிஷன் கோடாக (ஆணையின் விளைவைச் சொல்லும் சிறு எண்ணாக) தருகிறது: 0 வந்தால் பூட்டு உங்களுக்குக் கிடைத்தது, 1 வந்தால் வேறொருவரிடம் இருக்கிறது. விடுவிக்க, அந்த பைட்டில் பூஜ்யத்தை எழுதினால் போதும்.

குறை என்னவென்றால், பூட்டை வைத்திருப்பவர் யார் என்பதை அந்த பைட் சொல்வதில்லை. வைத்திருந்த டாஸ்க் இடையில் அபெண்ட் ஆனால் (பிழையால் முறிந்து நின்றால்), பூட்டை விடுவிக்க வழியே தெரியாது. வைத்திருக்கும் டாஸ்க்கிடமிருந்து இயங்குதளம் செயலியைப் பறித்துக்கொண்டால், காத்திருப்பவர் பயனின்றிச் சுழன்றுகொண்டே இருப்பார். ஐபிஎம்மின் கட்டமைப்புக் கையேடே இந்த ஆணையை முதன்மையாகச் சிஸ்டம்/360 நிரல்களுடனான பொருத்தத்துக்காக வைத்திருப்பதாகச் சொல்கிறது. சாதாரணப் பயன்பாட்டு நிரலில் இதை வைத்துச் சுழன்று காத்திருக்கும் பூட்டை எழுத வேண்டாம் என்பதே என் உறுதியான கருத்து. நீண்ட நேரம் காக்க வேண்டியதற்கு இயங்குதளத்தின் பூட்டுச் சேவையான என்க்யூ இருக்கிறது.

கம்பேர் அண்ட் ஸ்வாப் என்ன செய்கிறது? அந்தச் சுழலை எப்படி எழுதுவது?

சிஸ்டம்/370-இல் வந்த சிஎஸ் ஆணைக்கு இரண்டு ரெஜிஸ்டர்களும் ஒரு நினைவக இடமும் தேவை. முதல் ரெஜிஸ்டரில் நீங்கள் கடைசியாகப் பார்த்த மதிப்பு, இரண்டாவதில் வைக்க விரும்பும் புதிய மதிப்பு. நினைவகத்தில் இருப்பது முதல் ரெஜிஸ்டரோடு ஒத்திருந்தால் புதிய மதிப்பு எழுதப்பட்டு, கண்டிஷன் கோடு 0 ஆகிறது. ஒத்திருக்கவில்லை என்றால் எதுவும் எழுதப்படாது. நினைவகத்தில் இப்போது உள்ள மதிப்பு முதல் ரெஜிஸ்டருக்கு வந்துசேர, கண்டிஷன் கோடு 1 ஆகிறது.

முதல் கேள்வியின் கவுண்டரை எடுத்துக்கொள்வோம். எல் ஆணையால் ரெஜிஸ்டர் 3-இல் மதிப்பை ஏற்றுங்கள். அடுத்த வரிக்கு ஒரு லேபிள் வைத்து, அங்கே எல்ஆர் ஆணையால் 3-ஐ 4-க்கு நகலெடுத்து, 4-இல் ஒன்றைக் கூட்டி, 3, 4, கவுண்டர் என்ற வரிசையில் சிஎஸ் கொடுங்கள். கண்டிஷன் கோடு 1 என்றால் லேபிளுக்குத் திரும்புங்கள். லேபிள் எல் ஆணைக்குப் பின்னால்தான் இருக்க வேண்டும். தோற்ற சிஎஸ் புதிய மதிப்பை ஏற்கெனவே ரெஜிஸ்டர் 3-இல் தந்துவிட்டதால், மறுபடி ஏற்றுவது வீண். அதைவிட முக்கியமாக, லேபிள் நகலெடுக்கும் வரிக்கு முன்னால் இருக்க வேண்டும். சிஎஸ் வரியிலேயே லேபிளை வைத்துவிட்டால், பழைய கணக்கின் விடையைப் புதிய மதிப்பின்மேல் எழுதிவிடுவீர்கள். அது முதல் கேள்வியில் சொன்ன இழப்பேதான்.

சிஎஸ் கொடுத்த இடத்தில் எஸ்0சி6 வருகிறது. ஏன்?

ஆணைக்குத் தந்த முகவரியோ ரெஜிஸ்டரோ அதன் விதிக்கு ஒத்துவராதபோது வரும் பிழைக்குறியீடு அது. இங்கே எல்லை தவறியிருக்கிறது. சிஎஸ் ஆணைக்கு 4 பைட் எல்லையும், அதன் 8 பைட் வடிவங்களான சிடிஎஸ், சிஎஸ்ஜி ஆகியவற்றுக்கு 8 பைட் எல்லையும், 16 பைட் வடிவமான சிடிஎஸ்ஜி ஆணைக்கு 16 பைட் எல்லையும் கட்டாயம். சிடிஎஸ், சிடிஎஸ்ஜி இரண்டும் இரட்டைப்படை எண்ணில் தொடங்கும் ரெஜிஸ்டர் ஜோடியைக் கேட்பவை. ஒற்றைப்படை எண்ணைக் கொடுத்தாலும் இதே பிழைதான். சிடிஎஸ்ஜி பயன்படுத்துவோர், டபுள்வேர்டு (8 பைட்) எல்லையில் மட்டுமே அமைந்த பகுதி சில ஓட்டங்களில் தற்செயலாக 16-ஆல் வகுபடும் முகவரியில் விழுந்து, சோதனையில் தேறிவிடக்கூடும் என்பதைக் கவனிக்க வேண்டும்.

கவுண்டரைத் தவிர நடைமுறையில் சிஎஸ் எங்கே பயன்படும்?

எனக்குப் பிடித்த எடுத்துக்காட்டு ஈசிபி, அதாவது ஒரு நிகழ்வுக்காக ஒரு டாஸ்க் காத்திருக்கவும், அது முடிந்ததை மற்றொன்று தெரிவிக்கவும் பயன்படும் ஃபுல்வேர்டு. அந்த ஃபுல்வேர்டின் முதல் பிட் யாரோ காத்திருக்கிறார்கள் என்பதையும், இரண்டாம் பிட் நிகழ்வு முடிந்துவிட்டது என்பதையும் குறிக்கின்றன. யாரும் காத்திருக்காதபோது, காத்திருப்பவரை எழுப்பும் போஸ்ட் சேவையை அழைப்பது தேவையற்ற செலவு. எனவே ஈசிபி-யை ஏற்றிப் பாருங்கள். காத்திருப்பு பிட் ஒன்றாக இருந்தால் போஸ்ட் சேவையை அழைத்தே ஆக வேண்டும். பூஜ்யமாக இருந்தால், இரண்டாம் பிட் மட்டும் ஒன்றாக உள்ள மதிப்பைச் சிஎஸ் மூலம் வையுங்கள்.

நீங்கள் பார்த்ததற்கும் எழுதுவதற்கும் இடையில் எதிர்த்தரப்பு காத்திருக்கத் தொடங்கியிருந்தால், சிஎஸ் தோற்று, காத்திருப்பு பிட் எரியும் புதிய மதிப்பை உங்கள் ரெஜிஸ்டரில் தரும். மறுபடி சோதித்து போஸ்ட் சேவைக்குப் போகலாம். இங்கே சிஎஸ் இல்லாமல் சாதாரணமாக எழுதினால், காத்திருப்பவரை எழுப்ப யாருமே இருக்க மாட்டார்கள்.

புதிய கணினிகளில் சுழலே வேண்டாம், எல்ஏஏ போதும் என்கிறார்களே?

ஆம், கூட்டல் மட்டும் தேவை என்றால் போதும். 2010-இல் வந்த இசட்196 கணினி, முதல் இன்டர்லாக்டு ஆக்சஸ் வசதியை (நினைவகத்தைப் படித்து மாற்றி எழுதுவதைப் பிளவில்லாமல் செய்வது) கொண்டுவந்தது. எல்ஏஏ ஆணை, நினைவகத்தில் உள்ள மதிப்போடு ஒரு ரெஜிஸ்டரைக் கூட்டி எழுதி, பழைய மதிப்பை இன்னொரு ரெஜிஸ்டரில் தருகிறது. எல்ஏஏஜி அதன் 8 பைட் வடிவம். பிட் வேலைக்கு எல்ஏஎன், எல்ஏஓ, எல்ஏஎக்ஸ் இருக்கின்றன. பழைய மதிப்பு கிடைப்பதால், வரிசை எண் வழங்குவதற்கு இதைவிடப் பொருத்தமான ஆணை இல்லை. எல்லை தவறினால் சிஎஸ் போலவே எஸ்0சி6 வரும்.

பழைய மதிப்பு எனக்கு வேண்டாம். ஏஎஸ்ஐ ஒரே வரியில் நினைவகத்திலேயே கூட்டுகிறதே, அதையே வைத்துக்கொள்ளலாமா?

வைத்துக்கொள்ளலாம், இரண்டு நிபந்தனைகளோடு. ஏஎஸ்ஐ, ஏஜிஎஸ்ஐ ஆகியவை 2008-இல் இசட்10 கணினியோடு வந்தவை; அப்போது அவற்றுக்கு அட்டாமிக் உறுதி கிடையாது. இசட்196-இன் வசதிதான் அந்த உறுதியைச் சேர்த்தது. அதாவது ஒரே ஆணை, ஒரே குறியீடு, ஒரே விடை. இசட்10-இல் ஓடும்போது மட்டும் பல செயலிகளுக்கு நடுவே கணக்கைத் தவறவிடும். பிழைக்குறியீடு எதுவும் வராது.

இரண்டாவது நிபந்தனை எல்லை. எல்ஏஏ ஆணை எல்லை தவறினால் நின்றுவிடுகிறது, ஏஎஸ்ஐ நிற்பதில்லை. இசட்196-க்குப் பிந்தைய கணினியிலும்கூட, எல்லை தவறிய இடத்தில் அது கூட்டத்தான் செய்யும், ஆனால் அட்டாமிக்காக அல்ல. இந்தக் காரணத்தால், பகிரப்பட்ட கவுண்டருக்கு நான் எல்ஏஏ ஆணையையே பரிந்துரைக்கிறேன். தவறு நடந்தால் அது உரக்கச் சொல்லிவிடும்.

கொடி பைட்டில் ஓஐ, என்ஐ போடுவது இப்போது பாதுகாப்பானதா?

2012-இல் வந்த இசட்ஈசி12 முதல், இரண்டாம் இன்டர்லாக்டு ஆக்சஸ் வசதி இருந்தால் பாதுகாப்பானது. பிட்களை 1 ஆக்கும் ஓஐ, 0 ஆக்கும் என்ஐ, திருப்பிப் போடும் எக்ஸ்ஐ மூன்றும் அவற்றின் நீண்ட இடப்பெயர்ச்சி வடிவங்களும் அன்றிலிருந்து அட்டாமிக். அதற்கு முந்தைய கணினிகளில், ஒரே பைட்டின் வெவ்வேறு பிட்களை இரண்டு டாஸ்க்குகள் 1 ஆக்கினால், ஒன்றின் மாற்றம் காணாமல் போகலாம். அங்கே அந்த பைட்டை உள்ளடக்கிய ஃபுல்வேர்டை எடுத்துச் சிஎஸ் சுழலால் மாற்றுவதே வழி.

ஒரு எச்சரிக்கை: உறுதி ஓர் ஆணைக்குத்தான், இரண்டு ஆணைகளுக்கு அல்ல. டிஎம் ஆணையால் பிட்டைச் சோதித்து, பூஜ்யம் என்றால் ஓஐ ஆணையால் 1 ஆக்குவது, எந்தக் கணினியிலும் பூட்டாகாது. இரண்டு டாஸ்க்குகள் ஒருசேரப் பூஜ்யத்தைப் பார்த்துவிடலாம்.

அசெம்ப்ளர் பிழையின்றி ஏற்றுக்கொண்டதே, ஓடும்போது ஏன் எஸ்0சி1?

அசெம்ப்ளர் பார்ப்பது தன்னிடம் உள்ள ஆணை அட்டவணையை. நிரல் பிறகு எந்தக் கணினியில் ஓடும் என்பது அதற்குத் தெரியாது. ஆணையே இல்லாத கணினியில் ஓடும்போது எஸ்0சி1 வருகிறது. சென்ற இரண்டு பதில்களோடு ஒப்பிட்டால், இது நல்ல விதமான தோல்வி. எந்த வரியில் என்பது டம்பில் (பிழையின்போது எடுக்கப்படும் நினைவகப் பதிவில்) தெரியும். கெட்டுப்போன தரவு எதுவும் மிஞ்சாது.

கணினியில் என்ன வசதி உண்டு என்று நிரலே எப்படித் தெரிந்துகொள்வது?

எஸ்டிஎஃப்எல்இ ஆணையால் தெரிந்துகொள்ளலாம். அதற்குச் சிறப்பு அனுமதி தேவையில்லை. ரெஜிஸ்டர் 0-இன் கடைசி பைட்டில், எத்தனை டபுள்வேர்டு வேண்டுமோ அதைவிட ஒன்று குறைவான எண்ணை வைத்து அழைத்தால், வசதிகளின் பிட் பட்டியல் உங்கள் பகுதியில் எழுதப்படும். பூஜ்யத்திலிருந்து எண்ணினால் 45-ஆம் பிட் முதல் இன்டர்லாக்டு ஆக்சஸ் வசதியையும், 52-ஆம் பிட் இரண்டாவதையும் குறிக்கின்றன. இரண்டும் முதல் டபுள்வேர்டிலேயே அடங்கிவிடுவதால், அவற்றுக்கு ரெஜிஸ்டரில் பூஜ்யம் போதும்.

நிரல் தொடங்கும்போது ஒருமுறை கேட்டு, விடையை நினைவகத்தில் குறித்துக்கொண்டு, அதற்கேற்ற பாதையில் செல்லுங்கள். உங்கள் நிரல் இசட்/ஓஎஸ் 2.3 அல்லது அதற்குப் பிந்தைய பதிப்பில் மட்டுமே ஓடும் என்றால், அந்தப் பதிப்புக்கே இசட்ஈசி12 தலைமுறை வன்பொருள் தேவை என்பதால், மேற்சொன்ன இரண்டு வசதிகளுக்கும் தனிச் சோதனை அவசியமில்லை.

பட்டியலின் தலைப்பை (முதல் தொகுதியின் முகவரி உள்ள இடத்தை) சிஎஸ் மூலம்தான் மாற்றுகிறேன். ஆனாலும் ஒரே தொகுதி இரண்டு பேருக்குப் போகிறது. எப்படி?

மதிப்பு மாறி, மறுபடி பழைய மதிப்புக்கே திரும்பியிருக்கிறது. ஏபிஏ சிக்கல் என்று இதைக் குறிப்பிடுவார்கள். காலித் தொகுதிகளின் பட்டியலில் தலைப்பு முதல் தொகுதியைக் காட்டுகிறது, முதல் தொகுதி இரண்டாவதைக் காட்டுகிறது என்று கொள்வோம். உங்கள் டாஸ்க் தலைப்பையும், அடுத்தது இரண்டாம் தொகுதி என்பதையும் படித்துக்கொண்டு, சிஎஸ் கொடுக்கும் முன் நிறுத்தப்படுகிறது. அந்த நேரத்தில் வேறொரு டாஸ்க் முதல் தொகுதியை எடுக்கிறது, இரண்டாம் தொகுதியையும் எடுக்கிறது, பிறகு முதல் தொகுதியை மட்டும் திருப்பி வைக்கிறது. உங்கள் டாஸ்க் விழிக்கும்போது தலைப்பில் முதல் தொகுதியின் முகவரியே இருப்பதால், சிஎஸ் வெற்றிபெற்று, இரண்டாம் தொகுதியைத் தலைப்பாக்கிவிடுகிறது. அதுவோ இன்னொருவரின் பயன்பாட்டில் இருக்கிறது. சிஎஸ் சொன்னபடிதான் செய்தது. மதிப்பு ஒத்திருக்கிறதா என்று மட்டுமே அது பார்க்கும், இடையில் நடந்தது அதற்குத் தெரியாது.

இதற்கான வழி, தலைப்பை ஒட்டி ஒரு மாற்ற எண்ணை வைத்து, ஒவ்வொரு மாற்றத்தின்போதும் அதை ஒன்று உயர்த்தி, இரண்டையும் சேர்த்துச் சிடிஎஸ் மூலம் மாற்றுவது. 64 பிட் முகவரிகளுக்குச் சிடிஎஸ்ஜி. தலைப்பையும் எண்ணையும் படிக்கும்போது ஒன்று பழையதும் ஒன்று புதியதுமாகக் கிடைத்தாலும் கவலையில்லை; ஒப்பீடு தோற்று, சுழல் மறுபடி சுற்றும்.

ஒரு விஷயம் மிச்சம் இருக்கிறது. பட்டியலிலிருந்து எடுத்த தொகுதியின் நினைவகத்தை எடுத்தவர் ஸ்டோரேஜ் ரிலீஸ் செய்துவிட்டால், இன்னும் அந்தத் தொகுதியின் அடுத்த முகவரியைப் படித்துக்கொண்டிருக்கும் டாஸ்க் எஸ்0சி4-இல் (அணுக முடியாத நினைவகத்தைத் தொட்டதற்கான பிழையில்) விழும். மாற்ற எண் இதிலிருந்து காக்காது. இத்தகைய பட்டியலின் தொகுதிகள், பட்டியலைப் பயன்படுத்துவோர் இருக்கும்வரை விடுவிக்கப்படாமல் இருக்க வேண்டும்.

மூன்று நான்கு இடங்களை ஒன்றாக மாற்ற பிஎல்ஓ இருக்கிறதே, அதைச் சிஎஸ்ஸோடு கலந்து பயன்படுத்தலாமா?

கலக்கக் கூடாது. பிஎல்ஓ ஒரு மதிப்பை ஒப்பிட்டு மாற்றுவதோடு, மேலும் மூன்று இடங்கள்வரை எழுதித் தரும். ரெஜிஸ்டர் 0-இல் செயல் எண்ணும், ரெஜிஸ்டர் 1-இல் பூட்டு அடையாளமும் தர வேண்டும். அதன் உறுதி, அதே பூட்டு அடையாளத்தோடு வரும் மற்ற பிஎல்ஓ ஆணைகளுக்கு எதிரானது மட்டும். வேறொரு நிரல் அதே இடத்தைச் சிஎஸ் மூலம் மாற்றினால், அது இந்தப் பூட்டைக் கண்டுகொள்ளாது; சாதாரணமாகப் படிப்பவர் பாதி மாறிய நிலையையும் பார்க்கலாம். சிஎஸ் ஆணையைவிட இது மெதுவானது என்பதையும் கணக்கில் கொள்ளுங்கள். குறிப்பிட்ட செயல் எண் கணினியில் உண்டா என்று அந்த ஆணையையே சோதனை பிட்டோடு கொடுத்துக் கேட்க முடியும் என்பது நல்ல வசதி.

டிபிகின், டெண்ட் கொண்டு எழுதிவிட்டால் இந்தத் தொல்லையெல்லாம் இருக்காதே?

இசட்ஈசி12 கொண்டுவந்த டிரான்சாக்ஷனல் எக்ஸிகியூஷன் அழகான வசதிதான்: இந்த இரண்டு ஆணைகளுக்கு நடுவில் எழுதியவை மற்றவர்களுக்கு முழுதாகத் தெரியும், அல்லது முறிந்து நடக்காதவையாகிவிடும். ஆனால் புதிய நிரலில் அதை நாட வேண்டாம். 2022-இல் இசட்16 அறிவிப்போடு, எதிர்காலக் கணினிகளில் இந்த வசதி இருக்காது என்றும், பயன்படுத்துவோர் வசதிப் பட்டியலைச் சோதித்த பிறகே பயன்படுத்த வேண்டும் என்றும் ஐபிஎம் தெரிவித்துவிட்டது. சாதாரண டிரான்சாக்ஷன் எப்போதும் முறியலாம் என்பதால் மாற்றுப் பாதை எழுதப்பட்டே இருந்திருக்க வேண்டும். அது உங்கள் நிரலில் இருந்தால், அதையே இப்போது முதன்மைப் பாதையாக்குங்கள். டிபிகின்சி எனும் கட்டுப்பாடுள்ள வடிவத்தை நம்பி மாற்றுப் பாதை எழுதாமல் விட்டவர்களுக்குத்தான் வேலை அதிகம்.

என் கொடியை எழுதிவிட்டு எதிரியின் கொடியைப் படிக்கிறேன். இருவருமே பூஜ்யத்தைப் பார்த்தோம். இது எப்படி நடக்கும்?

இந்தக் கட்டமைப்பில், மற்ற செயலிகளின் பார்வையில் எழுதுதல்கள் வரிசை மாறுவதில்லை, படித்தல்களும் மாறுவதில்லை. ஆனால் முன்னால் எழுதியது மற்றவர்களுக்குத் தெரியவரும் முன்பே, பின்னால் வரும் படித்தல் நடந்துவிடலாம். உங்கள் நிரலில் நடந்தது அதுதான். எழுதுவதற்கும் படிப்பதற்கும் இடையில் பிசிஆர் 15,0 கொடுத்தால், எழுதியது மற்றவர்களுக்குத் தெரிந்த பிறகே படித்தல் நடக்கும். சிஎஸ் ஆணை தானே இந்த வேலையைச் செய்துவிடுவதால், அதைப் பயன்படுத்தும் இடத்தில் தனியாகத் தேவையில்லை.

இசட்196 முதல் பிசிஆர் 14,0 இதைக் குறைந்த செலவில் செய்கிறது. அதற்கு முந்தைய கணினியில் அதே ஆணை எதையும் செய்யாமல் கடந்துபோகும். பிழை வராது, பாதுகாப்பும் இராது.

எல்லாம் சரியாகத்தான் எழுதியிருக்கிறேன். செயலிகளைக் கூட்டினால் வேகம் ஏன் குறைகிறது?

எல்லாச் செயலிகளும் ஒரே கேச் வரிக்கு (நினைவகத்திலிருந்து செயலிக்கருகே ஒருமுறையில் கொண்டுவந்து வைக்கும் பகுதிக்கு) போட்டியிடுகின்றன. இந்தக் கணினிகளில் கேச் வரி 256 பைட். அதற்குள் அடுத்தடுத்து வைத்த தொடர்பில்லாத இரண்டு கவுண்டர்கள்கூட ஒன்றையொன்று தாமதப்படுத்தும். அடிக்கடி மாறும் கவுண்டர்களைத் தனித்தனி 256 பைட் பகுதிகளில் வையுங்கள்; முடிந்தால் டாஸ்க்குக்கு ஒன்றாகப் பிரித்து, தேவைப்படும்போது கூட்டிக்கொள்ளுங்கள். பூட்டுக்குக் காத்திருக்கும் சுழலில் சிஎஸ் ஆணையையே திரும்பத் திரும்பக் கொடுக்காமல், எல் ஆணையால் படித்துப் பார்த்து, விடுபட்டதாகத் தெரிந்த பிறகு சிஎஸ் கொடுங்கள்.

பேரிடர் மீட்பு மையத்தில் பழைய தலைமுறைக் கணினி இருக்கிறது. அங்கே ஒத்திகையில் நிரல் ஒழுங்காக ஓடியது. இது போதுமா?

எஸ்0சி1 வரவில்லை என்பதற்கு மட்டுமே அது சான்று. இசட்10-இல் ஏஎஸ்ஐ, இசட்ஈசி12-க்கு முந்தையவற்றில் ஓஐ, இசட்196-க்கு முந்தையவற்றில் பிசிஆர் 14,0 ஆகிய மூன்றும் ஒத்திகையின் குறைந்த சுமையில் எந்தக் குறையும் காட்டாமல் ஓடும். உண்மையான சுமை வந்த பிறகுதான் கவுண்டர்கள் விலகும். ஆகவே மூல நிரலில் பகிரப்பட்ட புலங்களைத் தொடும் வரிகளைத் தேடி எடுத்து, ஒவ்வொன்றும் நம்பியிருக்கும் வசதியை அந்தப் பழைய கணினியின் வசதிப் பட்டியலோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். எஸ்டிஎஃப்எல்இ விடையைக் கோப்பில் சேமித்து மறுபடி பயன்படுத்தும் நிரல்கள் இங்கே இன்னும் ஆபத்தானவை; தரவுகளோடு சேர்ந்து அந்தக் கோப்பும் மீட்பு மையத்துக்கு வந்து, புதிய கணினியின் வசதிகள் பழையதிலும் இருப்பதாகச் சொல்லிவிடும். அந்த விடை, நிரல் தொடங்கும் ஒவ்வொரு முறையும், ஓடும் கணினியிடமே கேட்டுப் பெறப்பட வேண்டும்.